பட்டினிப் பாத்தி

சூலூருக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டபோது, நான் பள்ளியில் சயின்ஸ் படித்தவள் என்பதில் மாமனாருக்குப் பெருமை. கேலிக்கும் அதுவே தோது. பால் திரிந்தால்கூட, "அம்மணி, உன்ற சயின்ஸ் என்ன சொல்லுது?" என்பார். எனக்கு வாய் சும்மா இருக்காது. உப்பு மாதிரி வெள்ளையாக வரும் சீமை உரம் போட்டால் பருத்தி கூடுதலாகக் காய்க்கும், சயின்ஸ் சொன்னால் சொன்னதுதான் என்று ஒருநாள் அடித்துச் சொன்னேன்.

"செரி, பாக்கலாம். பொய்யாப் போச்சுன்னா அந்த உப்பு நம்ம தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது" என்றார்.

விவசாய ஆபீசர் ஒருவர் சைக்கிளில் வந்து இரண்டு பாத்தி பிரித்தார். ஒன்றுக்கு உரம். மற்றதற்கு எதுவும் போடக்கூடாது, அப்போதுதான் வித்தியாசம் தெரியும் என்று சொல்லிப் போனார்.

பருத்தி வெடித்தது. எடை போட்டுப் பார்த்தால் இரண்டு பாத்திப் பருத்தியும் ஒன்றுபோல இருந்தது. மாமனார் மீசைக்குள் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எடை பார்க்க வந்திருந்த ஆபீசரோ முகம் வாடாமல், உரம் போடாத பாத்தியின் மண்ணைக் கிளறிப் பார்த்து, "இந்தப் பாத்திக்கு யாராச்சும் ஏதாச்சும் போட்டீங்களா?" என்றார்.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார். "ஒண்ணு திங்கறத இன்னொண்ணு பாத்துட்டே இருக்குமுங்களா? மாட்டுக் கட்டுத்தறி எருவக் கூடை கூடையாக் கொண்டாந்து கொட்டிப்போட்டேனுங்க."

வீட்டுக்கு வந்தவர்களைச் சோறு போடாமல் அனுப்பாதவர். செடியை மட்டும் பட்டினி போடுவாரா?

"அப்ப உரம் நல்லதுங்களா, எரு நல்லதுங்களா?" என்று மாமனார் ஆபீசரைக் கேட்டார்.

"இதை வெச்சுச் சொல்ல முடியாதுங்க. எனக்குத் தெரியலை."

"ஏனுங்க, தெரியாமயா இத்தனை தூரம் வந்தீங்க?"

"தெரிஞ்சிருந்தா எதுக்குங்க வாரேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் தெரிந்தவர்கள் எழுதி வைத்ததுதான் சயின்ஸ், நாம் ஒப்பித்தால் போதும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். மாமனார் கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ குனிந்து இரண்டு பாத்தி மண்ணையும் கையில் அள்ளிப் பார்த்தார்.

அடுத்த விதைப்பு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, இந்தவாட்டி மூணு பாத்தி. ஒண்ணுக்கு உன்ற உப்பு, ஒண்ணுக்கு உங்கத்தை எரு, மூணாவதுக்கு ஒண்ணுமில்லை. எது செயிக்கும்?"

"தெரியலைங்க மாமா" என்றேன். அந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் கேலி செய்யவில்லை.

மூன்றாவது பாத்தியைச் சுற்றி மட்டும் முள் வெட்டிப் போட்டார். ஆடு மாட்டுக்காக என்று ஊர் நினைத்தது. மாமியாருக்காக என்று எங்களுக்குத் தெரியும்.