கீரனூரில் ஏறி, கீரனூரில் இறங்கி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடிந்திருக்கவில்லை. கீரனூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். அப்பாவும் அதே ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தான். வீட்டிலிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். மத்தியானம் சாப்பிட வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போனால்கூட யாரும் கேட்கமாட்டார்கள். நாட்டில் என்னென்னவோ மாறிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் நடந்தது இவ்வளவுதான்: சில வேலைகளை, முன்பு வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட திருச்சிக்கு மாற்றினார்கள். அதில் என் வேலையும் ஒன்று.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், காது கொடுத்துக் கேட்டால் புரியும். அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். திருச்சியில் வீடு பார்க்கிறேன், எல்லோருமாகப் போய்விடலாம் என்று கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன்.

"அது வெள்ளைக்காரன் ஊரு. நான் வரமாட்டேன்" என்றார்.

"வெள்ளைக்காரன்தான் போயிட்டானேப்பா."

"அவன் இருந்த ஊருதான?"

அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி உள்ளே போனாள். பொன்னமராவதிப் பக்கத்துப் பெண் அவள். புதுக்கோட்டை வந்து பஸ் மாறி, கல்யாணக் கூட்டத்தோடு கீரனூரில் இறங்கியவள். அதோடு அவள் பயணம் நின்றது. கீரனூருக்கு வடக்கே ரோடு எப்படிப் போகிறது என்று அவள் பார்த்ததில்லை.

ரயில் இருந்தது, ஆனால் அது ஆபீஸ் நேரத்துக்கு ஒத்துவராது. பஸ்தான் கதி. காலையில் புதுக்கோட்டையிலிருந்து வரும் வண்டி எங்களை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். நடுவில் வேறு வண்டி கிடையாது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வந்த கரி வண்டி, மற்ற ஊர்களில் ஒழிந்த பிறகும் எங்கள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஒரு உலை. அதில் கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கனல் ஏற்றினால்தான் என்ஜின் கிளம்பும். மேடு வந்தால் ஆம்பிளைகள் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். சில நாள் தள்ளவும் வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் ஆபீஸ் போய்ச் சேரும்போது கழுத்துப்பட்டை கறுத்திருக்கும். சாயங்காலம் அந்தச் சட்டையைக் கிணற்றடியில் தேய்க்கும்போதுதான் அன்றைக்கு ரோடு எப்படி இருந்தது என்று என் மனைவிக்குத் தெரியும்.

இப்படியே சில வருஷம் போனது. திருச்சியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ், இரண்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடை. ஆபீஸ் விட்டதும் ஓடிவந்து வண்டியைப் பிடிக்காவிட்டால் வீட்டில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இல்லை. அவரைத் தனியாகத் தூக்க அவளால் முடியாது. காலையில் நான் ஒரு பக்கம் படுக்க வைத்துவிட்டுப் போனால் அநேகமாகச் சாயங்காலம் நான் வரும்வரை அந்தப் பக்கம்தான். பக்கத்து வீட்டு ராவுத்தர் தன் பலசரக்குக் கடையிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு கை கொடுப்பார். ஆபீசில் கடைசி நேரத்தில் யாராவது ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தால் என் கண் கடிகாரத்துக்குப் போகும். உடன் வேலை பார்த்தவர்கள் சினிமாவுக்குப் போனார்கள், கோயிலுக்குப் போனார்கள், காவேரியில் குளித்தார்கள். நான் அவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி.

ஒரு ஐப்பசியில் அடைமழை. திருச்சியில் வண்டி ஏறும்போதே டிரைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாத்தூர் தாண்டி ரோட்டின் குறுக்கே அடுத்தடுத்து இரண்டு ஓடைகள். இரண்டிலும் தரைப்பாலம்தான். முதல் பாலத்தில் சக்கரம் முங்கத் தண்ணீர் போனது, எப்படியோ கடந்துவிட்டார். இரண்டாவதற்கு வந்தபோது பாலமே தெரியவில்லை. மேலே ஏதோ கண்மாய் உடைந்திருக்க வேண்டும், செம்மண் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. வண்டியைத் திருப்பி முதல் பாலத்துக்கே வந்தோம். அதற்குள் அதுவும் தண்ணீருக்குள் போயிருந்தது.

டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இங்கிட்டும் போக முடியாது, அங்கிட்டும் போக முடியாது. யாரும் இறங்காதீங்க."

இரண்டு தண்ணீருக்கும் நடுவில் கொஞ்சம் மேடான ரோடு. அதில் எங்கள் வண்டி. பக்கவாட்டுப் படுதாவை இழுத்துக் கட்டியும் சாரல் அடித்தது. ஒரு அம்மா கைப்பிள்ளையோடு இருந்தாள். அவளை நடுச் சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்தோம். நான் படியில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழையைவிட எனக்கு வீட்டின் பின்சுவர்தான் ஞாபகம். மண்சுவர். அதை ஒட்டித்தான் அப்பாவின் கட்டில். கண்டக்டர் என் தோளைத் தொட்டு, "உள்ள வாங்க சார், நீங்க பாக்குறதுனால தண்ணி வடியாது" என்றார். விடிய விடிய அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்த பிறகு, அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் கயிறு கட்டி எங்களைக் கரையேற்றினார்கள். மிச்ச தூரம் நடந்துதான் வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் பின்சுவர் இல்லை. அந்த இடத்தில் மண்மேடு, அதன்மேல் ஓடுகள். வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டிலிருந்து ராவுத்தர் எட்டிப் பார்த்தார். "இங்க இருக்காங்க தம்பி, பதறாதீங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க."

ராவுத்தர் வீட்டில், கடை மூட்டைகளுக்கு நடுவே அப்பாவின் கட்டில் கிடந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிரும் சத்தம் கேட்டு ராத்திரி என் மனைவி எழுந்திருக்கிறாள். தூக்க முடியாத மனுஷரைக் கட்டிலோடு சேர்த்து வாசல்வரை இழுத்துவந்து கூப்பாடு போட்டிருக்கிறாள். ராவுத்தரும் அவர் சம்சாரமும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் சுவர் உள்பக்கமாகவே விழுந்திருக்கிறது. அப்போது அவள் முழுகாமல் வேறு இருந்தாள்.

நான் பயந்த மாதிரி அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. எனக்குத் தலைதுவட்டத் துண்டு கொடுத்துவிட்டு, "எங்க நின்னீங்க?" என்று கேட்டாள்.

"மாத்தூர் தாண்டி, ரெண்டு ஓடைக்கும் நடுவுல."

"நீங்க எங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்கன்னு நெனச்சுப் பாக்கக்கூட எனக்கு ஒரு எடம் இல்ல. அந்த ரோட்ட நான் கண்டேனா?"

சுவரை மறுபடி எழுப்பினோம், இந்தத் தடவை செங்கல்லில். மாசியில் மகள் பிறந்தாள். நான் பழையபடி காலையில் ஏறி சாயங்காலம் இறங்கினேன்.

அதற்குப் பிறகுதான் ரோடு மாறத் தொடங்கியது. கரி வண்டி போய் பெட்ரோல் வண்டி வந்தது, பிறகு டீசல் வண்டி. அந்த ஓடைகளில் உயரமான பாலம் கட்டினார்கள். ஒரே முதலாளி பஸ் ஓட்டிய ரோட்டில் வேறு முதலாளிகளும் பெர்மிட் வாங்கினார்கள். ஒரு வண்டியை இன்னொரு வண்டி முந்தும். கீரனூரில் ஆள் பிடிக்க கண்டக்டர்கள் படியில் தொங்கிக்கொண்டே கூவுவார்கள். காலையில் பல வண்டிகள், சாயங்காலம் பல வண்டிகள், மத்தியானத்திலும் மணிக்கொன்று. ஒரு வண்டியை விட்டால் இன்னொன்று என்று ஆகிவிட்டதால் ஆபீசில் என்னைக் கூடுதல் நேரம் உட்கார வைத்தார்கள். "ஒங்களுக்குத்தான் இப்ப நெறைய பஸ் இருக்கே" என்பார் மேலதிகாரி. முன்பு வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிடுவேன். வண்டிகள் பெருகிய பிறகு விளக்கு வைத்த பிறகுதான் வந்தேன்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் என்று நினைக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் திருச்சி பஸ் ஸ்டாண்டில் வழக்கமான வண்டியில் ஏறினேன். முன்னால் பெண்கள் சீட்டில், ஜன்னலோரமாக, என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கணம் யாரோ அவள் ஜாடையில் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. மடியில் ஒரு மஞ்சள் பை. அவளும் என்னைப் பார்த்தாள். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, சொல்ல வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் போய், "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகல. போய் உக்காருங்க" என்றாள் மெதுவாக.

வண்டியில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். பின்னால் போய் உட்கார்ந்தேன். அவள் தலையின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தினமும் என் முகத்தில் அடிக்கிற அதே காற்று அவள் முடியைக் கலைத்தது, அவள் ஒதுக்கிவிடவில்லை. மாத்தூர் தாண்டியதும் ஜன்னலில் இருந்து தலையை நீட்டி வெளியே பார்த்தாள். முதல் பாலம் வந்தது, பிறகு இரண்டாவது. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மறுபடி வெளியே பார்த்தாள், பாலம் கண்ணுக்கு மறைகிறவரைக்கும்.

கீரனூரில் இறங்கி நடக்கும்போதுதான் பேசினாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, மத்தியான வண்டியில் போயிருக்கிறாள். ராவுத்தர் கடையை மகனிடம் விட்டுவிட்டு, "நீ போயிட்டு வாம்மா, நான் அவருகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று வந்து உட்கார்ந்துகொண்டாராம். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை அவர் சம்சாரம் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"திருச்சியில எங்க போன?"

"எறங்கி ஒரு அம்மாட்ட கேட்டேன். டவுன் பஸ்ல ஏறச் சொன்னாங்க. மலைக்கோட்டைக்குப் போனேன்."

"மேலயா?"

"மேலதான். உச்சிப் பிள்ளையாரக் கும்பிட்டுட்டு கொஞ்ச நேரம் நின்னேன். காவேரி எம்புட்டு அகலம்! தண்ணியவிட மணலுதான் ஜாஸ்தி." நின்று என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க பாத்ததில்ல?"

பார்த்ததில்லை. டவுன் பஸ் ஒன்றில்கூட அதுவரை நான் ஏறியதில்லை. சிவப்பு வண்டிகள் என் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போகும், வரும். எது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அய்யோ பாவம்" என்றாள். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று இருந்தது. இத்தனை வருஷமும் அவளைப் பார்த்து நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது அது.

அப்பா எல்லாம் தெரிந்துதான் படுத்திருந்தார். அவள் கஞ்சியைக் கொண்டுபோனபோது வாயை இறுக்கிக்கொண்டார். நான் கொடுத்தேன், அதுவும் இறங்கவில்லை. மறுநாள் காலையில் பசி தாங்காமல் குடித்தார் என்றாள். அடுத்த மாதம் மறுபடி போனாள். அதற்கடுத்த மாதமும். ஸ்ரீரங்கம் போனாள், திருவானைக்கா போனாள், ஒரு தடவை சும்மா டவுன் பஸ்ஸிலேயே கடைசி ஸ்டாப்வரை போய்விட்டு வந்தேன் என்றாள். எந்த நம்பர் வண்டி எங்கே போகிறது என்று என் மகளுக்குக் கதை மாதிரி சொல்வாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவராகவே கேட்டார். "மலைக்கோட்டையில இருந்து பாத்தா நம்ம ஊரு தெரியுதா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியுது மாமா" என்றாள். எப்படித் தெரியும்? ஆனால் அவர் அன்றைக்கு முழுச் சாப்பாடும் சாப்பிட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வருஷக்கணக்காகத் தொண்டையில் வைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். திருச்சியில் வீடு பார்க்கிறேன். ஆபீசுக்குப் பக்கத்திலேயே பார்க்கிறேன். நினைத்த நேரம் மலைக்கோட்டைக்குப் போகலாம்.

அவள் கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எதுக்கு? இப்பத்தான் கால்மணிக்கு ஒரு பஸ் ஓடுதே. நெனச்சா போயிட்டு வந்துரலாம். நம்ம மக பள்ளிக்கூடம் இங்க இருக்கு. ராவுத்தர் பாய் வீடு இங்க இருக்கு. கூரை விழுந்தா ஓடியாரவங்க அவங்கதான். திருச்சியில யாரு இருக்கா?"

"நான் இருக்கேன், காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும்."

"நீங்கதான் பழகிட்டீங்களே" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள்.

அப்பா இருந்தவரை அவரைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். இப்போது யாரைச் சொல்வது? அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு அந்த ரோடு திறந்துவிட்ட வழி. அதே ரோடு எனக்கு மட்டும் ஏன் அப்படி ஆகவில்லை என்று அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். தூக்கம்தான் வந்தது.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் போய் நின்றேன். முதலில் வந்தது எக்ஸ்பிரஸ். கீரனூரில் நிற்காது, புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போனது. அடுத்தது நிறைந்து வழிந்தது. அதற்கடுத்த வண்டியின் கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், எடம் இருக்கு, உள்ள போங்க" என்று கையை நீட்டினார். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வண்டி கிளம்பியது.