இடுப்பில் கட்டிய நேரியல்

தக்கலைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த பாரம்பரிய கிராமத்தில் மன்னர் காலத்து ஓணம் கொண்டாடுகிறார்கள் என்று போன வருஷம் என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பழைய காலத்தை அப்படியே வாழ்ந்து காட்டுவார்களாம். ஆண்கள் வேட்டி கட்டி, தோளில் நேரியல் துண்டு போட்டுத்தான் வர வேண்டுமாம். போட்டுக்கொண்டு போனேன்.

வாசலிலேயே எரிச்சல் வந்துவிட்டது. தோவாளைச் சந்தையில் பூ குவிந்து கிடக்கிற நாளில், இவர்கள் பிளாஸ்டிக் பூவை வட்டமாக ஒட்டி அத்தப்பூக்கோலம் என்றார்கள். நெல் குத்துகிற பெண்கள், யாராவது போனை நீட்டினால் மட்டும் உலக்கையைத் தூக்கினார்கள். உரலுக்குள் நெல்லே இல்லை. எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பிறகு ராஜா வந்தார். அட்டைக் கிரீடம், ஜரிகை அங்கி, கீழே ஓட்டப்பந்தய ஷூ. கழுத்து வியர்வையில் ஜிகினா வழிந்தது.

"மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வச்சுக்கிடுங்க" என்றாள் மனைவி. என்னிடம் இருப்பதே இந்த மூஞ்சிதான் என்றேன். அரண்மனைப் பந்தியில் இலை போட்டு ஓண விருந்து சாப்பிட வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. ஒரு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

பந்திக்கு வரிசையில் நின்றோம். செட்டுமுண்டு உடுத்த வழிகாட்டிப் பெண், மாவேலி மன்னன் ஆண்டபோது உயர்ந்தவன் தாழ்ந்தவன் கிடையாது, அந்த நினைவுக்குத்தான் ஓணம் என்று மைக்கில் விளக்கினாள். அதே மூச்சில் அடுத்ததையும் சொன்னாள். "ஆம்பிளைங்க எல்லாரும் தோள்ல கெடக்க நேரியல எடுத்து இடுப்புல கெட்டிக்கிடுங்க. ராஜா முன்னால அப்பிடித்தான் நிக்கணும். அதாக்கும் அந்தக் காலத்து முறை."

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். அந்த முறை யாருக்காக இருந்தது என்று எங்களுக்கு யாரும் மைக் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் துண்டு போடவும் தலையில் கட்டவும் அன்றைக்கு உயர்ந்த சாதிக்காரர்கள் எங்கள் ஆட்களை விடவில்லை. அதனால்தான் நாங்கள் கும்பிடுகிற பதியில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அய்யா முன்னால் நிற்கிறோம். ஞாயிறு தவறாமல் நானும் கட்டுகிறேன்.

வாயில் நல்ல பதில் ஒன்று திரண்டு வந்தது. சொல்லப் போகும்போது குனிந்து பார்த்தால் நேரியல் என் இடுப்பில் இருந்தது. நானே கட்டியிருக்கிறேன். முடிச்சில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மனைவி பார்த்துவிட்டாள். "எதுக்குக் கெட்டினீங்க?"

முடிச்சை உள்ளங்கையால் மறைத்தேன். வெட்கமாக இருந்தது.

"இஞ்ச தாங்க" என்று அவளே முடிச்சை அவிழ்த்து, உதறி, அத்தனை பேர் முன்னால் என் தலையில் சுற்றினாள்.

வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். "அம்மா, தலையில கெட்டினா உள்ள விட மாட்டாங்க. ஹிஸ்டரி தப்பாயிரும்."

"அந்தக் காலத்து முறைன்னா நாங்க இந்த ரோட்டுலயே நடந்திருக்க முடியாது மக்கா" என்றாள் மனைவி, சத்தத்தை உயர்த்தாமல். என் பக்கம் திரும்பி, "வாங்க போவோம்" என்றாள்.

ஆசைப்பட்டு வந்தவள் சாப்பிடாமல் திரும்பினாள். தக்கலை பஸ் ஸ்டாண்டில் பழ பஜ்ஜி தின்றோம். பிளாஸ்டிக் பூவையும் வெறும் உரலையும் வேஷக்கார ராஜாவையும் கிழித்துத் தொங்கவிட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் பஜ்ஜியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அந்த இடத்தில் எல்லாமே போலி. பழைய காலத்தை அசலாகக் காட்டியது என் கை ஒன்றுதான்.