பிள்ளை வாயால் சொல்லட்டும்

பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் கரும்பு பயிரிடும் வேணுவின் மகள் ஷோபனாவுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பஸ்ஸின் பலகையைப் படிப்பாள், பிறகு கண்டக்டரைக் கேட்பாள், ஏறி உட்கார்ந்த பின் பக்கத்து சீட்டையும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள். அப்பா வழிச் சொத்து அது. உர மூட்டை வாங்கினால் கடைக்காரர் முகத்துக்கு நேரே பிரித்து மோந்து பார்க்கிற மனிதர் வேணு.

அப்படிப்பட்ட வீட்டில், கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பெண், சம்பளமில்லாமல் தொண்டு செய்ய இடம் தேடப் போகிறேன் என்றால் என்ன நடக்கும்?

"சம்பளம் குடுக்காம ஆள் எடுக்கறான்னா அவனுக்கு வேற என்னமோ வேணும்," என்றார் வேணு.

சென்னையில் சமூகப்பணி மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே சேருவதற்கு முன் ஏதாவது தொண்டு செய்திருந்தால் நல்லது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதைவிடப் பெரிய தடை வீட்டில் உட்கார்ந்திருந்தது. "மொதல்ல ஒரு எடத்துல ஒழுங்கா நின்னு காட்டு. ஏதாவது கோக்குமாக்கா இருந்துச்சு, அப்புறம் சென்னைன்ற பேச்சே எடுக்கக் கூடாது" என்று வேணு தீர்த்துச் சொல்லிவிட்டார்.

முதியோர் இல்லத்தில் அவளை எந்தக் கட்சி என்று கேட்டார்கள். மாலை வகுப்பு நடத்துகிறவர், பின்னால் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நிற்பாயா என்று கேட்டார். அரக்கோணத்தில் ஓர் அமைப்பு மட்டும் போனை எடுத்தவுடனே வரச் சொன்னது. இவ்வளவு சுலபமாகக் கூப்பிடுகிறார்களே என்று உறுத்த, பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிவிட்டாள். இலவசமாக உழைக்க ஒரு பெண் தெருத்தெருவாக அலைந்தாள். அவளை யாரும் நம்பவில்லை, அவளும் யாரையும் நம்பவில்லை. கடைசியில் திருத்தணி பூக்கடை தணிகைமணியிடம் போய் நின்றாள்.

ஆடிக் கிருத்திகைக்கு வருஷா வருஷம் மலையடிவாரத்தில், தொலைந்துபோகும் பிள்ளைகளை வைத்திருந்து ஒப்படைக்கப் பந்தல் போடுகிறவர் அவர்.

"தெலுங்கு வருமா?"

"ஆங், வரும்ங்க. நீங்க எதுக்குங்க இதச் செய்றீங்க?"

இடம் கேட்டு வந்தவள் கேட்கிற கேள்வியா இது? தணிகைமணி மாலை கட்டுவதை நிறுத்தினார். "என் பொண்ணு ஒரு தடவ கூட்டத்துல தொலஞ்சிது. மத்தியானம் பூரா தேடினோம்," என்றார். அவள் பாதி நம்பினாள். அவளைப் பொறுத்தவரை அது ரொம்பப் பெரிய விஷயம்.

பந்தலுக்கு ஒரே சட்டம்தான். யார் வந்து என் பிள்ளை என்று அழுதாலும், பிள்ளையைக் கேட்பார்கள், இவர் யார் என்று. பிள்ளை வாயால் சொன்னால்தான் அனுப்புவார்கள். அன்றைக்குத் திருத்தணியில் வேறு அடையாளம் ஏது? சுருட்டை முடி, ரெட்டைச் சடை என்று தாய் மைக்கில் கதறிக்கொண்டிருப்பாள். அதற்குள் முடி மாமன் மடியில் இறங்கியிருக்கும். மொட்டையும் சந்தனமும் மஞ்சள் துணியுமாக எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளை.

கிருத்திகையன்று காலையிலிருந்து ஷோபனா தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியபோது அந்த ஆளைக் கவனித்தாள். மீசையும் மழித்த மொட்டை, தலை நிறையச் சந்தனம், வாயை மூடி மஞ்சள் துண்டு. கையில் காவடி இல்லை, கூடக் குடும்பம் இல்லை. மோர்ப் பந்தல் மறைவில் நின்று பிள்ளைகள் இருக்கும் பக்கமே பார்த்தான். போனான், திரும்ப வந்தான்.

"அண்ணா, அந்த மொட்ட சரியில்லங்க."

தணிகைமணி சிரித்தார். "இன்னிக்கு மொட்டைங்கள சந்தேகப்பட்டா ஊர்ல ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்மா," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கேன் வந்திருக்கிறதா பார்க்கப் போனார்.

பின்பக்கத் திரை அசைந்தது. நகரியிலிருந்து வந்து தொலைந்த சின்னப் பெண் ஒன்று அங்கேதான் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. திரையை விலக்கி ஒரு கை உள்ளே வந்தது. ஷோபனா பாய்ந்துபோய் அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, உள்ள கைய உடற? போலீஸ்! போலீஸ்!"

ஒரு பெண் போலீஸ் ஓடி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. அந்த ஆள் வாயே திறக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தவும் இல்லை. "பேச மாட்டேன்றான் பாரு," என்று யாரோ கையை ஓங்கினார்கள். அப்போதுதான் ஷோபனா, தான் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கட்டைவிரலில், கரும்பு வெட்டும்போது கத்தி இறங்கிய பழைய தழும்பு.

"அடிக்காதீங்க!" என்று கத்தி நடுவில் புகுந்தாள்.

தணிகைமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யாருய்யா நீ?"

"அந்தப் பொண்ணையே கேளுங்க," என்றான் அந்த ஆள்.

தணிகைமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். புள்ள வாயால சொல்லட்டும். இவரு யாரும்மா?"

"எங்க நைனாங்க," என்றாள் ஷோபனா. சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வேணு துண்டை எடுத்தார். கல்யாணத்துக்கு முந்தின வேண்டுதலுக்குக்கூட மீசையை விட்டுக்கொடுக்காதவர் அவர்.

"வேண்டுதலாங்க?" என்றார் தணிகைமணி.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மீசையோட வந்தா கண்டுபுடிச்சிடுவா. சும்மா வேல வாங்கறீங்களே, எப்படிப்பட்ட ஆளுங்களோன்னுதான் திரைய வெலக்கி எட்டிப் பாத்தேன். வயசுப் பொண்ண உட்டுட்டு வூட்ல எப்படிங்க ஒக்காந்துகினு இருக்கறது?"

ஷோபனாவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. கோபமும் வந்தது. மீசையில்லாத அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தாயிற்று, இனி சென்னை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

வேணு மணிக்கட்டைத் தடவினார். அவள் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"பெத்தவனையே போலீஸ்ல புடிச்சிக் குடுத்துட்ட. உன்ன எவன் ஏமாத்துவான்? போய்ப் படி."

இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று அவளுக்கு உடனே உறுத்தியது.

"நெஜமாவா நைனா? சத்தியமா?"

வேணு சந்தனம் ஒட்டிய கையை அவள் உச்சந்தலையில் வைத்தார். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.