காதுக்காக நேர்ந்துகொண்ட மொட்டை

சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதிலும் சீழ். காதுக்குள் செருகும் கருவியை வைத்தால் சீழ் இன்னும் கூடும். வைக்காவிட்டால் யாராவது காதோரம் வாயை வைத்துக் கத்த வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை என் வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தது. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அவர் என்னிடம் ஒரு சங்கதி சொன்னால் அரக்கோணம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

போன வருஷம் சென்னையில் ஒரு டாக்டர், காதுக்குப் பின்னால் எலும்பில் சின்னதாக ஒரு திருகாணியைப் பதித்தார். புண் ஆறியதும் அதில் தீப்பெட்டியைவிடச் சிறிய கருவி ஒன்றை மாட்டிவிட்டார். சத்தம் காதுத் துவாரத்தைச் சீண்டாமல் எலும்பு வழியாகவே உள்ளே போய்விடும். குக்கர் விசில், பல்லி, எதிர்வீட்டுக்காரி என்னைப் பற்றிப் பேசுவது, எல்லாம் கேட்டது. கூட்டத்தில் மட்டும் குழம்பிவிடும். எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாது. இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போதுதான் வீட்டுக்காரர் குண்டைத் தூக்கிப் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் திருத்தணி மலைக்குப் போனபோது, காது கேட்டால் எனக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாராம்.

"என் முடிய நேந்துக்க, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உன் பக்கத்துல நின்னுகினு வாய்விட்டுதானே வேண்டினேன்," என்றார், பழக்கதோஷத்தில் கத்தி. கருவி வந்த பிறகும், யாரிடம் பேசினாலும் அவர் குரல் இறங்கவில்லை.

திருகாணிப் பக்கம் பிளேடு படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அங்க மட்டும் வுட்டுட்டு எடுக்கச் சொல்லலாம்," என்றார் இவர். இடுப்பைத் தொடும் முடி. அது போனால் திருகாணியும் ஊருக்கே தெரியும். எனக்கு அழுகையே வந்தது. ஆனால் முருகனிடம் சொன்ன சொல்லாயிற்றே என்ற பயத்தில் போய் உட்கார்ந்தேன்.

அன்று புதன்கிழமை, மொட்டை மண்டபத்தில் கூட்டமில்லை. முடியெடுப்பவர் என் கூந்தலை விலக்கிப் பார்த்தார். பிளேடைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல நான் கை வைக்கமாட்டம்மா. வேண்டிகினது யாரு?"

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப நீ வந்து உக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையடிவாரத்தைப் பார்த்தேன்.

அவர் தலையை நனைத்துக் குனிய வைத்தார்கள். தாடை நெஞ்சில் முட்ட, மண்டையில் பிளேடு ஓட, சத்தம் போட வழியில்லை. "எனக்கு மொட்ட நல்லா இருக்குமா?" என்று தனக்குள் முனகினார்.

அவருடைய நிஜக் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கூச்சல்தான். இது மெதுவான, கொஞ்சம் கரகரப்பான குரல்.

"நல்லாதான் இருக்கும். ஆடாம உக்காருங்க," என்றேன்.

சட்டென்று திரும்பிவிட்டார். நெற்றியோரம் ஒரு கீறல். முடியெடுப்பவர் திட்டினார், இவர் அதைச் சட்டை செய்யவே இல்லை.

"கேட்டுச்சா?" என்றார், அதே மெதுவான குரலில்.

"ஆங்," என்றேன். "இன்னும் எதனா பேசுங்க."