வலது பக்கம் குத்திய மெடல்கள்

மூத்த பேரன் கொண்டாப்பூரில் இன்ஜினியர். அடுத்தவன் பேங்க் மேனேஜர். கடைக்குட்டி பேத்தி ஷீபா, ராணுவ ஆபீசராகி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள்!

இன்று அவளோடு போட்டோ எடுக்க செகந்திராபாத் ஸ்டுடியோவுக்குப் போனேன். போரில் இறந்துபோன என் வீட்டுக்காரரின் மெடல்களை இடது பக்கம் குத்தியிருந்தேன்.

"அங்கே நக்கோ பாட்டி, வேண்டாம்! வாங்கினவர்தான் இடது பக்கம் போடணும். குடும்பத்துக்காரங்க வலது பக்கம்" என்று மாற்றிக் குத்தினாள். இப்போது முந்தானை மறைக்கவில்லை. எல்லாம் பளபளவென்று தெரிந்தது!

"நீ வாங்குற மெடலை நீயே இடது பக்கம் போட்டுக்கடி. என்னை வலது பக்கம் போட வச்சிடாதே" என்றேன்.

"ஹவ் பாட்டி, சரி" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

டேய் பேரன்களா, காலையில் மெடல் இடது பக்கம் இருக்க, வீட்டில் எடுத்து நெட்டில் போட்ட போட்டோவைத் தூக்கிவிட்டு, இந்தப் புதுசைப் போடுங்கள். லைக் போட்டவர்களும் மறுபடி போடணும், சொல்லிட்டேன்!