புளி போட்டுத் தேய்த்த கார்புரேட்டர்

பழைய கார்களின் கார்புரேட்டரைப் பழுது பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் செய்வது வேறு. கார்புரேட்டர் முதன்முதலில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று அதன் மேல் என்ன நிறம் இருந்ததோ, அதையே திரும்பக் கொண்டுவருவது. "இதுக்குப் போயி ஒரு வேலையாம்மா?" என்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. சின்ன காஞ்சிபுரத்தில், இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும் வீட்டின் பின்கட்டில், ஒரு பொம்பளை ரப்பர் கையுறையும் முலாம் தொட்டியுமாக உட்கார்ந்திருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

இதில் என்னை இழுத்துவிட்டவர் நயினார். முசரவாக்கத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் அரிசி மில் வைத்திருக்கும் சமணர். ஊரே அவரை நயினார் என்றுதான் கூப்பிடும். அவருடைய அப்பா வாங்கிய அமெரிக்கக் கார் ஒன்று மில் கொட்டகையில் நின்றது. முதல்முறை அதன் கார்புரேட்டரைக் கழற்றியபோது உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் மனிதர் பதறிவிட்டார். "வேணாம்மா, அதுங்க பொறிச்சிப் பறந்து போவட்டும். நமக்கு இன்னா அவசரம்?" எனக்கு அவசரம்தான். ஆனாலும் குளவிகளுக்காகக் காத்திருந்தேன்.

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முலாம் பூசும் பிரிவில் இருந்தேன். விடுமுறை நாட்களில் உட்கார்ந்து அந்தக் கார்புரேட்டரைத் தகதகவென்று ஆக்கிக் கொடுத்தேன். பெருமையோடு சென்னையில் பழைய கார்களின் கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். புதுப்பித்திருந்தாலும் சரி, தொழிற்சாலையில் இருந்த அசல் மாறாத வண்டிக்குத்தான் அங்கே மரியாதை. நடுவராக வந்த வயதான பொறியாளர் பானெட்டைத் திறந்தார், பார்த்தார், "என்னங்க இது, கார்புரேட்டருக்கு நகை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நயினாரும் கூடவே சிரித்துவைத்தார். 

எனக்கு வந்ததே கோபம்! அந்த ரோஷத்தில் வேலையையே விட்டேன். அந்த நடுவரை அதே இடத்தில் வாயடைக்க வைக்காமல் விடுவதில்லை என்று. மேலாளர் நல்ல மனிதர். "தை வரைக்கும் உன் இடம் காலியாத்தான் இருக்கும்மா" என்றார். வீட்டில் நானே வாக்குக் கொடுத்தேன்: தையில் நடக்கும் அடுத்த கண்காட்சியிலும் மூக்குடைபட்டால், தொட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன்.

அந்தக் காலத்துக் கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவையில் வார்த்தது. அதை ஒரு மஞ்சள் கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால் மெல்லிய படலம் பிடிக்கும். பளபளப்பு இருக்காது. மங்கலான மஞ்சள், சாய்த்துப் பிடித்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் லேசாக ஓடும், இரட்டை நிறப் பட்டு மாதிரி. அதே வகையில் விரிசல் விட்ட கார்புரேட்டர் ஒன்றை நயினார் மில்லில் தேடி எடுத்துக் கொடுத்தார். அதன் மூடிக்குக் கீழே வைக்கும் கேஸ்கெட் அட்டைக்கு அடியில், வெயிலும் பெட்ரோலும் படாத இடத்தில், அந்த அசல் நிறம் விரல்நகம் அளவுக்கு மிச்சமிருந்தது. அதுதான் எனக்கு மாதிரி.

தினமும் காலை வெளிச்சத்தில் இரண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவேன். எங்கள் ஊரில் டியூப்லைட்டில் நிறம் பார்க்கமாட்டார்கள். பட்டு நூலுக்குச் சாயம் பார்க்கிறவர்களும் வாசலுக்குத்தான் வருவார்கள். கரைசலை மாற்றினேன், சூட்டைக் குறைத்தேன், முக்கும் நேரத்தைக் கூட்டினேன். ம்ஹூம். ஒவ்வொரு முறையும் பொன்னாகவே வந்து நின்றது. தறியிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "நல்லாத்தானே இருக்குது, ஜரிகை மாதிரி?" என்றார். "அதாங்க வயித்தெரிச்சலே!" என்று கத்தினேன்.

இப்படியே ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜைக்கு வைக்க ஆயுதங்களையெல்லாம் பின்கட்டில் எடுத்து வைத்துவிட்டு, பொரியும் பூவும் வாங்கப் போனேன். வந்து பார்த்தால் என் மாமியார் துவைக்கிற கல்லருகே குத்துவிளக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். கையில் தேங்காய் நார். மடியில் நயினாரின் கார்புரேட்டர்.

"அத்தே! இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"சாமிக்கு வைக்கிற பொருள இப்படியாடி வச்சிருப்பாங்க? சந்து பொந்தெல்லாம் அழுக்கு. புளியில ஊறப் போட்டுத் தேச்சி வச்சிக்கிறேன், பாரு."

"ஐயோ, அது பித்தளை இல்ல!"

"பின்ன இன்னா, தங்கமா?"

மஞ்சள் போயே போய்விட்டது. நான் மெருகேற்றிய பளபளப்பும் போய், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளிறி நின்றது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாமியார் கொஞ்சமும் அசையவில்லை. அதைத் துடைத்து, பொட்டு வைத்து, விளக்குகளோடு பூஜையில் வைத்தார்.

மறுநாள் அவரோடு பேசாமல் வேலையில் உட்கார்ந்தேன். வழக்கமாக முக்குவதற்கு முன் பஃப் மெஷினில் வைத்துப் பளபளப்பாக்குவேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. விளக்கோ, சாமி கவசமோ, ஜரிகையோ, மின்னினால்தான் இங்கே வேலை முடிந்ததாக அர்த்தம். அன்றைக்கு அந்த மெஷினைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது. இதற்கு இனிமேல் மெருகு ஒன்றுதான் கேடு என்று பொட்டைக் கழுவிவிட்டு, வெளிறிய உடம்போடு அப்படியே முக்கி எடுத்தேன்.

காய்ந்ததும் வாசலுக்குக் கொண்டுபோனேன். மங்கலான மஞ்சள். சாய்த்தேன். இளஞ்சிவப்பு ஓடியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். பச்சை! மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எது பழசு, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. அட கடவுளே, இத்தனை மாதமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது என் பஃப் மெஷின்தான்! அந்தக் காலத்தில் எந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு வார்ப்புக்கும் மெருகு போட்டுக்கொண்டிருந்தார்கள்? அமிலத்தில் அலசி, நேராகக் கரைசலில் போட்டிருப்பார்கள். அந்த அமில வேலையைத்தான் புளி செய்திருக்கிறது.

நான் போட்ட கூச்சலில் மாமியார் ஓடிவந்தார்.

"அத்தே, கையக் குடுங்க!"

"நான் ஒண்ணுத்தையும் தொடலம்மா!" என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சந்தேகம் தீர, மாதிரி நிறம் இருந்த இடத்தை மட்டும் மெழுகால் மூடிவிட்டு, விரிசல் விட்ட கார்புரேட்டரையும் மெருகில்லாமல் லேசான அமிலத்தில் அலசி முக்கினேன். அதே நிறம். குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, கைக்கு வந்துவிட்டது.

தை பிறந்ததும் கண்காட்சி. அதே மைதானம், அதே நடுவர். பானெட்டைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். நயினார் என் பக்கம் திரும்பவே இல்லை.  கம்பெனி பஸ் என் கண் முன்னால் வந்து போனது.

"இதுல யாருமே கை வைக்கலை" என்றார் நடுவர். "அசல். இப்படி ஒண்ணக் கையில வச்சிக்கிட்டு, போன வருஷம் எதுக்குங்க அந்த நகை?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்த நகைய போட்டதும் நான்தான் சார். இதுவும் நான்தான். ரெண்டும் ஒரே கார்புரேட்டர்" என்று செல்போனில் இருந்த பழைய படங்களை நீட்டினேன். வார்ப்பில் இருந்த எண்ணைப் படத்தோடு ஒப்பிட்டார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏமாந்துட்டேன்மா" என்றார். அதோடு விடவில்லை. மற்ற நடுவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். தன் வண்டியின் கார்புரேட்டரையும் அனுப்பலாமா என்று கேட்டு, நம்பரை எழுதிக் கொடுத்தார். அசல் மாறாத வண்டிக்கான கேடயத்தை நயினார் இரண்டு கையாலும் வாங்கினார். "இப்ப சிரிக்கச் சொல்லும்மா அவுங்கள!" என்றார். அந்த அமைதியான மனிதருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். மைதானத்தில் நின்றபடியே மேலாளருக்குப் போன் போட்டேன். "சார், என் இடத்துல வேற ஆளப் போட்டுக்குங்க. எனக்கு இங்க வேலை இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் வாசலிலேயே மறித்தார். "இன்னா சொன்னாங்க?"

"ஜெயிச்சிட்டோம் அத்தே! யாருமே இதுல கை வைக்கலன்னு சொல்லிட்டாரு."

அவர் முகம் சட்டென்று மாறியது. "யாருமே கை வைக்கலயா? கை எரிய எரிய ஒருத்தி ஒக்காந்து தேச்சிக்கினு இருந்தாளே, அது இன்னாவாம்? அந்த ஆளுக்குப் போனப் போடுடி, நானே கேக்குறேன்."

போட்டுக் கொடுத்தேன்.