தண்ணீர் கேட்காத வாடிக்கையாளர்

போர்வெல் தொழிலில் தண்ணீர் வந்தால் சாமி கொடுத்தது, வராவிட்டால் போர்க்காரன் கெடுத்தது. காரைக்குடியில் ஒரு ரிக் லாரியையும் ஒரு கம்ப்ரசர் லாரியையும் வைத்துக்கொண்டு இருபது வருஷமாக இந்தப் பழியைச் சுமக்கிறேன். மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், கல்யாண வீட்டுச் சமையல்காரர் என்று வாடிக்கையாளரின் சந்தேகப் பார்வையிலேயே பிழைப்பு நடத்தும் அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும். ஆனால் கிழக்கே பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளை நம் பக்கமும் நீட்டப்போகிறார்கள், பறவைகள் சரணாலயத்தைக்கூட விடப்போவதில்லை என்று பேச்சு கிளம்பிய பிறகு நான் பட்ட பாட்டை உங்களில் யாரும் பட்டிருக்க மாட்டீர்கள். தரையில் ஓட்டை போடுகிறவன் என்றாலே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

தேங்காய் எழுந்து நின்றது

கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். பழைய போர் வற்றிவிட்டதால் புதிதாக ஒன்று போடக் கூப்பிட்டிருந்தார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு பின்கட்டில் நடந்தார். கிணற்றடியைத் தாண்டியதும் தேங்காய் எழுந்து நின்றது. வழக்கமாக அந்த நேரத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பின்னாலேயே காபி வரும். அன்றைக்குக் காபி வரவில்லை. வீட்டுக்கார ஆச்சி சரணாலயச் செய்தி வந்த பேப்பரை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

"அது தண்ணிக்கு எந்திரிக்குதா, எண்ணெய்க்கு எந்திரிக்குதா? அதை மொதல்ல சொல்லிப்புட்டு அப்புறமா லாரியை உள்ள விடுங்க."

மோந்து பார்த்தவர்

அரியக்குடியில் ஒரு ஆசாரி வீடு. மர வேலை செய்கிறவர், மரத்தைத் தொட்டே வயது சொல்லக்கூடியவர். நூற்று எண்பது அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சியடித்தது. நான் பெருமையாக இடுப்பில் கைவைத்து நின்றேன். அவர் ஒரு கை அள்ளினார், மோந்து பார்த்தார், விரலில் வைத்துத் தேய்த்தார். தேங்கிய சேற்றுத் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்துவிட்டது. ஒருத்தர் செல்போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்.

எங்கள் கம்ப்ரசரில்தான் ஆயில் ஒழுகுகிறது என்று சத்தியம் செய்தேன். லாரிக்கு அடியில் படுத்து, ஒழுகும் இடத்தில் வெள்ளைத் துணியை வைத்துக் காட்டினேன். என் சட்டை நாசமானதுதான் மிச்சம். ஆசாரி அந்தத் துணியையும் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, வருத்தமாகத்தான் சொன்னார்.

"லீக்குன்னுதான் எல்லாக் கம்பெனிக்காரனும் மொதல்ல சொல்லுவான், தம்பி."

எண்பது அடி போதும்

இப்படி ஊரெல்லாம் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது, நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஆள் என் ஆபீசுக்கே வந்து உட்கார்ந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சென்னைப் பேச்சு. நிலத்தடி நீர் ஆய்வு என்று தலைப்பிட்ட ஒரு ஒர்க் ஆர்டரை நீட்டினார். சரணாலயக் கண்மாயின் கரைக்கு வெளியே, புறம்போக்கில், நூல் பிடித்ததுபோல வரிசையாகக் குழிகள் வேண்டுமாம். ஒவ்வொன்றும் எண்பது அடி. குழி சரியாமல் இறக்கும் கேசிங் பைப் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம்.

போர் போடுகிற எவரும் மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை அடியில் வரும், எத்தனை இஞ்ச் வரும், உப்பா நல்ல தண்ணியா? இவர் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு உறுத்தியது. ஆனால் அது வேலை இல்லாத மாதம். உறுத்தலைத் துடைத்துப்போட்டுவிட்டு லாரியைக் கிளப்பினேன். முதல் குழியில் அறுபது அடியிலேயே தண்ணீர் அடித்தது. என் ரிக் டிரைவர் கருப்பையா எப்போதும்போல இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். இந்த மனிதர் முகத்தைச் சுளித்தார். தண்ணீரைப் பார்த்துச் சலித்துக்கொண்ட ஒருவரை என் தொழிலில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தண்ணி வந்துடுச்சா? ச்சே... சரி, அடுத்த குழிக்குப் போங்க."

தார்ப்பாயைத் தூக்கியவர்

அந்தக் கண்மாய்க்கரை ஊரில் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் நாரையும் கொக்கும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டும் காலம் அது. சத்தம் கேட்டால் குஞ்சை விட்டுவிட்டுப் பறந்துவிடும் என்று, கல்யாணம், திருவிழா எதற்கும் வேட்டு கிடையாது. யாரும் சட்டம் போட்டுச் செய்வதில்லை. ஊர் தானாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

நாலாவது குழி முடிந்த அன்றைக்கு வார்டு மெம்பர் பாண்டியம்மாள் மொபெட்டில் வந்து இறங்கினார். என் லாரிக்குப் பின்னால் புளியமரத்தடியில், தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு வேன் நின்றது. காலையில்தான் வந்திருந்தது. ஆய்வுக் கருவி என்று அந்தச் சென்னை மனிதர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். பாண்டியம்மாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். வேனின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில், 'வெடிபொருள்' என்று எழுதியிருந்தது.

குழிக்குள் வெடி வைத்து, அதிர்வை வைத்துப் பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள் என எங்கள் தொழிலில் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் குழியைத்தான் நான் நாலு போட்டுக் கொடுத்திருந்தேன். இதெல்லாம் சின்ன டெஸ்ட், பூமிக்குள்ளேயே அடங்கிவிடும் என்று சென்னை மனிதர் ஏதோ சொன்னார். பாண்டியம்மாள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எங்க புள்ளைகளுக்கு ஒரு சீனி வெடி வாங்கிக் குடுத்ததில்லண்ணே நாங்க. தண்ணி பாக்குற வண்டிக்குப் பின்னால எதுக்கு வெடி வண்டி வருது, சொல்லுங்க?"

ஹேமர் பழுது

மறுநாள் காலையில் சென்னை மனிதருக்குப் போன் செய்து, பாறையைக் குடையும் ஹேமர் உடைந்துவிட்டது, புதுசு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், வேலை நடக்காது என்றேன். முகத்துக்கு நேராக மறுக்கும் தைரியம் அப்போது இல்லை. ஒரு மணி நேரத்தில் அவரே நேரில் வந்துவிட்டார். கருப்பையா, நல்லாயிருந்த ஹேமரைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றி, இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் துணியை விலக்கிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகப்படுவதில் அவரும் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சளைத்தவர் இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த ஹேமர், அந்த அம்மா வந்துட்டுப் போனதும் எப்படிங்க உடைஞ்சுது?"

முதல் கையெழுத்து

அடுத்த வாரம் கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். காளையார்கோவில் பக்கத்திலிருந்துகூட விவசாயிகள் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு வந்த அதிகாரி ஒருவர், எண்ணெய் என்ற பேச்சே இல்லை, நடந்தது வெறும் நிலத்தடி நீர் ஆய்வு, அந்த வேன் ஏதோ குவாரிக்குப் போகிற வழியில் நின்றிருக்கும் என்றார். காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று எடுத்தும் காட்டினார். காகிதத்துக்கு எதிராக எடுத்துக் காட்ட ஊர்க்காரர்களிடம் எதுவும் இல்லை.

நான் பின்வரிசையில் ஒளிந்துகொண்டு நின்றேன். பேசினால் இந்த மாவட்டத்தில் ஒரு காண்ட்ராக்ட்காரனும் என்னைக் கூப்பிடமாட்டான். பேசாவிட்டால் வெடி வைக்க வருவார்கள், கூட்டில் இருக்கும் குஞ்சுகள் அத்தனையும் போகும், பின்னாலேயே எண்ணெய்க் கிணறும் வரும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தேன். "அந்த நாலு குழியையும் போட்டவன் நான்தான். தண்ணீர் ஆய்வு என்றால், தண்ணீர் வந்தபோது குழி போடச் சொன்னவர் எதற்கு 'ச்சே' என்றார்?" என்று கேட்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீருக்காக ஆயுசெல்லாம் காத்துக்கிடக்கிற ஜனங்கள் அவர்கள். அந்த ஒரு வார்த்தையைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. அதிகாரி காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

சரணாலயத்திலும் அதைச் சுற்றியும் எண்ணெய்க்காக ஒரு குழியும் தோண்டக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். எனக்கு மாலை போடுவார்கள் என்று நினைக்குமளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனாலும் பாண்டியம்மாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"மொதக் கையெழுத்து நீங்கதாண்ணே போடணும். அந்த நாலு குழியையும் மூடிப்புட்டு வந்து போடுங்க."

நாற்காலி

மூடினேன். வேன் போய்விட்டது. ஒரேயடியாகப் போய்விட்டதா, பக்கத்து ஊர் எதிலாவது மறைந்து நிற்கிறதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தார்ப்பாய் போட்ட வேன் எதைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்கிறேன்.

அந்தப் பருவம் முடியும்வரை பறவைகள் கூட்டைவிட்டுப் போகவில்லை. கரைக்கு வெளியே நின்று குஞ்சுகளின் இரைச்சலைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்? கோடையில், பறவைகள் எல்லாம் திரும்பிப் போன பிறகு, அதே ஊர் தங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போர் போட என்னைத்தான் கூப்பிட்டது. மன்னித்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகப் போனேன். ரிக்குக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை, சாப்பாடுகூட அங்கேயே வந்தது. இருநூறு அடியில் தண்ணீர் வந்தது. கருப்பையா கும்பிட்டார். பாண்டியம்மாள் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதாண்ணே... பின்னால வண்டி எதும் வரலையில்ல?"

வாடிக்கையாளர்கள் எல்லோரும் இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் எனக்குத் தொழில் செய்வது கஷ்டம்தான், ஆனால் எண்ணெய் தேடி வருகிறவர்களுக்கு என்னைவிடக் கஷ்டம் என்பதால் அடுத்த வேலைக்கு நானே லாரியில் ஒரு நாற்காலி ஏற்றிவைத்திருக்கிறேன்.